மறு: ஆபரேஷனுக்குப் பிறகு மகன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்

வணக்கம் சகோதரி. 15 வயது மகனுக்குப் பிறவிக் கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை கெடும் நோய்), ஆபரேஷனுக்குப் பிறகு கண் அழுத்தம் இப்போது சரி, ஆனால் கடலுக்கும் காவடிக்கும் விடப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே நோய்தான், மொரீஷியஸ் ரோஸ்ஹில்லில் வளர்ந்தவன்.

கடலை விட வீட்டுச் சிறைதான் என்னை அதிகம் வாட்டியது. முதலில் அவன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: ஆபரேஷனில், கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிந்து அழுத்தம் குறைய மேலிமைக்கு அடியில் சின்னக் கொப்புளம் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்களா? இருந்தால் அதில் தொற்று வரும் ஆபத்து ஆயுளுக்கும் உண்டு. கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால் அன்றைக்கே ஓட வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. டாக்டர் சரி என்றால் பிளிக்கன்பிளாக் கடற்கரையில் நீந்தட்டும், இறுக்கமில்லாத நீச்சல் கண்ணாடியோடு. தலைகீழாக நிற்கும் யோகா மட்டும் வேண்டாம், கண் அழுத்தம் மளமளவென ஏறும். இந்த நோயால் கண் பெரிதாகியிருந்தால் பந்து பட்டாலே ஆபத்து, எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி வாங்குங்கள்.

காவடிக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும், வெயில்தான் கூசும். (விபூதியை ஊதும் பாட்டிகளிடம் ஜாக்கிரதை!)

சொட்டு மருந்தில் டிமோலால் (கண் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து) இருந்து, அவனுக்கு ஆஸ்துமாவும் இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், அது மூச்சுத் திணறலைக் கிளப்பலாம்.

எஸ்.சி. (ஸ்கூல் சர்டிபிகேட்) பரீட்சைக்குக் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள் கேட்கலாம். பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நான் கூச்சத்தில் கேட்காமல் விட்டேன், கணக்குத் தாளில் பாதி வெள்ளையாகவே போனது.

அப்புறம், மருந்து போடும் பொறுப்பை மெல்ல அவனிடமே கொடுங்கள். என் அம்மா 19 வயது வரை விடவில்லை.