கேள்வி–பதில்: துளைக்கும்போதே பாறையை அளப்பது

கேள்வி: எண்ணெய்க் கிணறு துளையிடும்போதே பாறையை அளக்கும் கருவி இருக்கிறது. ஆனாலும் திரையில் மணற்பாறை தெரிவதற்குள் பிட் (பாறையைக் கடிக்கும் துளை முனை) அதைத் தாண்டிவிடுகிறதே, ஏன்?

பதில்: சென்சார் பிட்டின் முனையில் இல்லை, மேலே உள்ள டிரில் காலர்கள் என்னும் கனத்த குழாய்களுக்குள் இருக்கிறது. காமா சென்சார் (பாறையின் இயற்கைக் கதிர்வீச்சை அளப்பது) 12 மீட்டர் மேலே, துளைக்கும் வேகம் மணிக்கு 30 மீட்டர் என்று வையுங்கள். பிட் கடித்த பாறையைச் சென்சார் பார்க்க 24 நிமிடம் ஆகும். ஆகவே கருவியை இறக்கும் முன்பே பிட்டிலிருந்து ஒவ்வொரு சென்சாருக்கும் உள்ள தூரத்தை டேப் பிடித்து அளந்து மென்பொருளில் ஏற்றுங்கள். சென்சாருக்குக் கீழே மோட்டாரோ ஸ்டெபிலைசரோ (குழாயை நடுவில் நிறுத்தும் பகுதி) மாறினால் மறுபடி அளக்க வேண்டும். இதில் ஒரு மீட்டர் பிசகினால் லாக் (ஆழவாரியான அளவீட்டுப் பதிவு) முழுவதும் ஒரு மீட்டர் தள்ளி நிற்கும். படுகையின் தலையிலேயே, அதாவது பாறை அடுக்கின் மேல் விளிம்பிலேயே, நிற்க வேண்டுமானால், துளைக்கும் வேகம் சட்டென மாறிய இடத்தில் நிறுத்தி, துளைக்கும் சேற்றை (குழாய் வழியே இறங்கி, பாறைத் துகளோடு மேலே வரும் திரவம்) சுழற்றி, மேலே வரும் துகள்களைப் பாருங்கள். லாகை நம்பி மேலும் துளைத்தால் படுகை போய்விடும்.

கேள்வி: கீழிருந்து வரும் சிக்னல் அடிக்கடி அறுபடுகிறது. எதைப் பார்ப்பது?

பதில்: கருவியின் வால்வு சேற்றோட்டத்தை விட்டுவிட்டுத் தடுக்க, அந்த அழுத்தத் துடிப்பை மேலே ஸ்டாண்ட்பைப்பில் (பம்பிலிருந்து சேறு ஏறும் குழாய்) உள்ள உணரி படிக்கிறது. இந்த வழியில் பெரும்பாலும் நொடிக்குச் சில 0, 1 இலக்கங்கள்தான் வரும். முக்கிய எண்கள் மட்டும் உடனே வரும். மீதி நினைவகத்தில் தங்கி, கருவி மேலே வந்த பிறகே கிடைக்கும். முதலில் சேற்றைத் தள்ளும் பம்பைப் பாருங்கள். வால்வு தேய்ந்த பம்பின் இரைச்சல் சிக்னலை விழுங்கிவிடும். சேற்றில் வாயு கலந்தால் துடிப்பு அமுங்கும். சேறு இழப்பை அடைக்கப் போடும் பொருள் கரடாக இருந்தால் கருவி வால்வே அடைத்துக்கொள்ளும். வேகமும் ஒரு தொல்லை: மணிக்கு 90 மீட்டர் வேகத்தில் 20 நொடிக்கு ஒரு காமா எண் வந்தால், இரு புள்ளிகளுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி. மெல்லிய படுகை அதற்குள் காணாமல் போகும்.

கேள்வி: காமா உயர்ந்தால் களிப்பாறைதானே?

பதில்: எப்போதும் இல்லை. ஃபெல்ட்ஸ்பார், மைக்கா கலந்த மணலும் கதிர்வீசும் பொட்டாசியத்தால் களிபோலவே காட்டும். பொட்டாசியம் குளோரைடு சேறு லாக் முழுவதையும் தூக்கிவிடும். மின்தடை, நியூட்ரான், அடர்த்தி லாக் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மின்தடை உயர்வும் தனியாக எண்ணெய்க்குச் சாட்சி ஆகாது. நுண்துளை இல்லாத சுண்ணாம்புப் பாறையிலும் மின்தடை உயரும்.

கேள்வி: கதிரியக்க மூலம் உள்ள கருவி கிணற்றில் சிக்கினால்?

பதில்: அடர்த்திக் கருவியில் இருப்பது சீசியம்-137, அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு. சில கருவிகளில் குழாய்க்குள் கம்பி இறக்கி மூலத்தை மட்டும் எடுத்துவிடலாம். எதுவும் பலிக்காவிட்டால் அங்கேயே சிமென்ட் போட்டு மூடி, பின்னால் யாரும் அதைத் துளைத்துவிடாதபடி கிணற்று முகத்தில் எச்சரிக்கைத் தகடு பொருத்துவார்கள்.