நாத்தனார் மகன் ஐஐடி, என் மகன்?

கேள்வி: என் மகன் இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்தான். கட்-ஆஃப் 200க்கு 194. ஐஐடியில் சேர ஜேஇஇ அட்வான்ஸ்டும் எழுதினான், ரேங்க் வரவில்லை. கோவை அரசு பொறியியல் கல்லூரியான ஜிசிடியில் மெக்கானிக்கல் கிடைத்தால் போதும் என்கிறான். பாலிடெக்னிக்கோடு படிப்பை நிறுத்திய என் கணவருக்கு அதில் சமாதானமே இல்லை. நகையை அடகு வைத்தாவது ஹைதராபாத்தில் ஹாஸ்டலோடு கோச்சிங் சேர்த்து இன்னொரு வருஷம் எழுத வைக்கணும் என்கிறார். நாத்தனார் மகன் 4,812வது ரேங்கில் சென்னை ஐஐடியில் சேர்ந்தவன். ஆவணியில் அவர்கள் வீட்டு கிரகப்பிரவேசம், சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. இவனானால் வீட்டுக்கு யார் வந்தாலும் மாடிக்குப் போய்விடுகிறான். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: அம்மா, நாத்தனார் மகனின் ரேங்க் உங்களுக்குக் கடைசி இலக்கம் வரை ஞாபகம் இருக்கிறது. உங்கள் மகனுக்கு மெக்கானிக்கல் ஏன் பிடித்தது என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் நம் வீடுகளில் 194 என்று சொன்ன உடனே அடுத்த கேள்வி "ஏன் 198 இல்லை" என்பதுதான்.

சரி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024ல் முதல் கட்டத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் ஏறக்குறைய 14 லட்சம் பேர். அதில் மேலே வந்த இரண்டரை லட்சம் பேருக்குத்தான் அட்வான்ஸ்டு எழுதவே தகுதி. தகுதி இருந்தும் எழுதியவர்கள் 1.8 லட்சம், தேறியவர்கள் 48,248. இருபத்து மூன்று ஐஐடிக்கும் சேர்த்து அந்த வருஷம் இருந்த இடம் 17,740. அதாவது தேறினவர்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு சீட் இல்லை. உங்கள் மகன் அட்வான்ஸ்டு எழுதும் அளவுக்கு வந்தவன், அதைத் தோல்வி என்று உங்கள் வீட்டில் யார் சொன்னது? அப்புறம் இன்னொன்று. அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டு தடவைதான் எழுத முடியும். ஆக, அவனுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு தடவை, அதுவும் அடமானத்தில் இருக்கிற அம்மா நகையைத் தலையில் சுமந்துகொண்டு.

ஒரு வருஷம் திரும்ப எழுதுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அவனாக வந்து "எனக்கு இன்னொரு சான்ஸ் வேண்டும், எங்கே கோட்டை விட்டேன் என்று தெரியும்" என்றால் தாராளமாக அனுப்புங்கள். இந்த ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே அடுத்த வருஷமும் தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கலாம், என்ன, இதே 194க்கு இதே இடம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் அந்த ஆசை அவனிடம் இருப்பதாகவே தெரியவில்லையே. அது உங்கள் கணவருடைய ஆசை. கூடப் பிறந்தவள் வீட்டில் ஐஐடி, நம் வீட்டில் என்ன என்று இரண்டு வருஷமாகவோ இருபது வருஷமாகவோ அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு போட்டி, அதில் ஓடுவதற்குப் பையனை அனுப்பப் பார்க்கிறார். கோபப்படாமல் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டியது முதலில் அவரிடம்தான். "நீங்க படிக்க முடியாம போனது எனக்கும் வருத்தம்தான், அதுக்கு இவன் பொறுப்பா?" என்று நேராகவே கேளுங்கள்.

ஹைதராபாத் விளம்பரத்தில் சிரிக்கிற முகங்களை நம்பி நகையை எடுக்காதீர்கள். இலவச இன்டர்வியூ வகுப்புக்கு மட்டும் வந்துபோனவர்களை எல்லாம் "எங்கள் மாணவர்கள்" என்று போஸ்டர் போட்ட ஐஏஎஸ் கோச்சிங் நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதமே போட்டிருக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு சீட் கிடைத்தது, பாதியில் வந்துவிட்டால் பணம் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள், பதில் எப்படி வழுக்குகிறது என்று தெரியும்.

ஜிசிடி 1945ல் தொடங்கிய அரசுக் கல்லூரி. அங்கே மெக்கானிக்கல் கேட்கிறான் என்றால், பம்பும் மோட்டாரும் ஜவுளி மெஷினும் செய்கிற ஊரில் அதைப் படிக்கப் போகிறான். இதற்கா துக்கம்? ஐஐடி ஆசை பின்னால் அவனுக்கே வந்தால் மூன்றாம் வருஷத்திலேயே கேட் தேர்வு எழுதி எம்.டெக்.குக்கு அங்கே போகலாம், அந்தக் கதவை யாரும் பூட்டவில்லை.

இப்போது அந்த மாடி விஷயம். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. பதினேழு வயசுப் பையன் சொந்த வீட்டில் ஒளிந்துகொள்கிறான் என்றால் கீழே என்ன பேச்சு நடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ப்ளஸ் டூ ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசே 2017ல் நிறுத்திவிட்டது, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்தான் இன்னும் நிறுத்தவில்லை. சாப்பாடு, தூக்கம், நண்பர்களோடு பேச்சு இதெல்லாம் குறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். குறைந்திருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், 14416க்கு போன் செய்தாலும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸில் இலவசமாகப் பேசலாம். "சின்னப் பையன், தானா சரியாயிடுவான்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு எல்லாருமாகப் போங்கள், அல்லது நீங்கள் இருவர் மட்டும் போங்கள், அவனைக் கேட்டுவிட்டு. யாராவது கேட்டால் அன்றைக்கு எந்தக் கல்லூரி கிடைத்திருக்கிறதோ அதன் பெயரைச் சொல்லி, "அவனே ஆசைப்பட்டு எடுத்தது" என்று முடித்துவிடுங்கள். அதற்குமேல் விளக்கம் கொடுத்தால் அவர்கள் தோண்டுவார்கள். "ஏன் ஐஐடி டிரை பண்ணலையா?" என்று நாத்தனாரே கேட்டால் "பண்ணினான், கிடைக்கலை" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு இலை போட்டாச்சா என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால் கவுன்சலிங் வேலை இருக்கிறது. சாய்ஸ் பதிவு செய்யச் சில நாள்தான் தருவார்கள், கல்லூரிகளை எந்த வரிசையில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போன வருஷ கட்-ஆஃப் பட்டியலை இறக்கிக்கொண்டு அவனே உட்கார்ந்து வரிசை போடட்டும். உங்கள் கணவர் பக்கத்தில் இருந்து பார்க்கலாம், ஆனால் பாஸ்வேர்டு பையனிடம் இருக்கட்டும்.