தீபாவளி முடிந்ததும் கோழிகள் செத்தன, வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல்: இரண்டும் ஒன்றா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்க தலவாக்கலைக்குப் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல இருக்கோம். பின்னால கூடு கட்டி நாட்டுக்கோழி வளர்த்தேன். தீபாவளிக்கு முந்தின கிழமை சந்தையில ரெண்டு சேவல் வாங்கி அதுங்களோட விட்டேன். பண்டிகை முடிஞ்ச கையோட கோழியெல்லாம் பச்சையாக் கழிஞ்சு, கழுத்தைத் திருகிக்கிட்டு சுத்திச் சுத்தி விழுந்து செத்துப்போச்சு. மிச்சம் 3 தான். ஒண்ணைச் சாகுறதுக்கு முந்தி அறுத்துச் சமைச்சோம். கொழும்புல இருந்து பண்டிகைக்கு வந்த மகன் இருமிக்கிட்டே வந்தான். ரெண்டு நாள்ல பேரனுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கும். எனக்கு ஒரு கண்ணு வேற சிவந்து தண்ணி வடியுது. காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல எல்லாரும் பறவைக் காய்ச்சல்னு பேசுறாங்க, எங்க வீட்டு முன் இஸ்தோப்புப் பக்கமே யாரும் வர்றதில்ல. கோழியில இருந்துதான் வந்துச்சா? மிச்சக் கோழியை என்ன செய்ய, முட்டை சாப்பிடலாமா? மருமகள் 7 மாசம் முழுகாம இருக்கிறா, அவளுக்கும் நேத்துல இருந்து காய்ச்சல்.

பதில்: அம்மா, கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். உங்கள் மருமகளை உடனே வைத்தியசாலைக்கு அழைத்துப் போகும்படி கடிதம் கிடைத்த அன்றே செய்தி அனுப்பிவிட்டோம். இங்கே எழுதுவது அதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக. சாதாரண ஆளைக் கட்டிலில் போட்டு ஒரு கிழமையில் விட்டுவிடும் இன்புளுவன்சா, கர்ப்பிணிக்கு நியூமோனியாவாக மாறும் ஆபத்து அதிகம். கருப்பை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியும் அந்த மாதங்களில் வேறுவிதமாக இயங்குகிறது. 2009இல் எச்1என்1 என்ற இன்புளுவன்சா பரவியபோது பல நாடுகளில் மூச்சுத்திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களில் கர்ப்பிணிகள் நிறையப் பேர். இதற்கு ஓசெல்டமிவிர் என்ற மருந்து இருக்கிறது, கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஆகவே ‘வெள்ளிக்கிழமை கிளினிக் இருக்குதானே, அன்றைக்கே காட்டலாம்’ என்று காத்திருக்கக் கூடாது. வண்டி கிடைக்காவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை.

இனி கோழிக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே பதில் பாதி இருக்கிறது. மகன் வரும்போதே இருமிக்கொண்டு வந்தார். அவர் வந்த இரண்டாம் நாள் பேரனுக்கு, பிறகு உங்களுக்கு, அப்புறம் மருமகளுக்கு. இன்புளுவன்சா உடம்புக்குள் போய் 1 முதல் 4 நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில் வெளிப்படும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றவும் தொடங்கிவிடும். நெரிசலான பஸ்ஸில் மலையேறி, ஒரே காம்பிராவில் எல்லோரும் படுத்துறங்கிய வீட்டில் அது போகிற வரிசை அச்சொட்டாக இதுதான். கோழியைத் தொட்டதால் வந்திருந்தால், தொட்டவருக்கு முதலில் வந்திருக்க வேண்டும். உங்கள் மகன் கோழியைத் தொட்டதாகவே நீங்கள் எழுதவில்லை.

இலங்கையில் இன்புளுவன்சா ஆண்டுக்கு இரண்டு முறை தலைதூக்கும்: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றது. முதலாவது சித்திரைப் புத்தாண்டையும் நுவரெலியாவின் வசந்தகாலக் கூட்டத்தையும் தொட்டுக்கொண்டு வருகிறது. இரண்டாவது தீபாவளிக்கு ஊர் திரும்பும் பிள்ளைகளோடு வருகிறது.

கோழிகளுக்கு வந்தது வேறு வழியில். சந்தைச் சேவல் இரண்டை நேரே கூட்டத்தில் விட்டீர்கள். ஒரு கிழமை கழித்துச் சாவு. பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல், சுற்றிச் சுற்றி விழுதல் என்றால் முதல் சந்தேகம் ரணிக்கட். நியூகாசில் நோய் என்பதும் இதைத்தான். நம் நாட்டு நாட்டுக்கோழிகளை அடிக்கடி வாரிக்கொண்டு போவது. ஆக, ஒரே பண்டிகை உங்கள் வீட்டுக்கு இரண்டு வைரசுகளைக் கொண்டுவந்திருக்கிறது: ஒன்று பஸ்ஸில், மற்றது சந்தைக் கூடையில்.

ரணிக்கட் வைரசு மனிதருக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. ஒரே ஒரு விஷயம் செய்யும்: நோய்க்கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால், ஓரிரு நாளில் அந்தக் கண் சிவந்து நீர் வடியும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். ஒரு கிழமைக்குள் தானாக மாறிவிடும். உங்கள் கண்ணுக்கு அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பார்க்காமல் முத்திரை குத்த மாட்டேன், காரணம் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் வைரசும் கண்ணைச் சிவக்க வைக்கும். 2024இல் அமெரிக்காவில் மாட்டுப் பண்ணைத் தொழிலாளர்களிடம் அது முக்கியமாகக் கண் சிவப்பாகத்தான் வெளிப்பட்டது. ஆகவே ஆஸ்பத்திரியில் ‘கண்நோய், காய்ச்சல்’ என்பதோடு நிறுத்தாமல், ‘வீட்டில் கோழி செத்தது, ஒன்றை நான் அறுத்தேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவசியம் என்று கண்டால் தொண்டையிலும் மூக்கிலும் மாதிரி எடுத்துக் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்புவார்கள். கடைசியாகக் கோழியைத் தொட்டதிலிருந்து 10 நாள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பறவைக் காய்ச்சல் என்றால் பெரட்டில் பேசுகிற பயம் முழுவதும் வீண் என்றும் சொல்ல மாட்டேன். 1997இல் ஹொங்கொங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரசு மனிதருக்கு வந்தபோது 18 பேர் நோயுற்று 6 பேர் இறந்தார்கள். 2003க்குப் பிறகு உலகம் முழுவதும் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் 900க்கு மேல். கிட்டத்தட்டப் பாதிப்பேர் இறந்தார்கள். பக்கத்தில் கேரளத்தில் வாத்துகளும் கோழிகளும் இதனால் பலமுறை அழிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோடிக்கணக்கான பறவைகள் செத்தும் நோயாளிகள் ஆயிரத்தை ஒட்டித்தான் என்பதையும் பாருங்கள். பறவையின் வைரசு பற்றிக்கொள்ளத் தேடும் பிடிமானம் நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு, நுரையீரலின் அடியில்தான் கூடுதல். அதனால் எளிதில் ஒட்டாது, ஒட்டினால் நேரே நியூமோனியா. ஒருவர் இருமி அடுத்தவருக்குக் கொடுப்பதும் மிக அரிது.

உங்கள் இஸ்தோப்புக்கு வர மறுக்கிறவர்கள் கோழியை நினைத்து ஒதுங்குகிறார்கள். ஆனால் பெரட்டுக் களத்தில் தோளோடு தோள் நின்று இருமுகிறார்கள், இருமுகிற பிள்ளையைப் பகலில் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிறார்கள். இந்தப் பருவத்தில் ஆபத்து அங்கேதான்.

ஆனாலும் கோழி விஷயத்தில் ஒரு இடத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன்: ‘சாகுறதுக்கு முந்தி அறுத்தோம்’ என்ற இடம். காசு கொடுத்து வளர்த்ததை வீணாக்க மனம் வராது, எனக்குப் புரிகிறது. ஆனால் உலகில் எச்5என்1 வந்தவர்களில் பெரும்பாலோர் நோய்ப்பறவையோடோ செத்த பறவையோடோ நெருங்கிப் பழகியவர்கள்தான்; அதில் அறுப்பதும் இறகு பிடுங்குவதும் ஆபத்துக் கூடிய வேலைகள். கழுத்தை அறுக்கும்போது தெறிக்கும் இரத்தம், வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும்போது முகத்துக்கு வரும் ஆவி, குடலை உருவும் விரல், அதே விரலால் மூக்கைத் துடைப்பது, பக்கத்தில் குந்தியிருந்து இறகு பொறுக்கும் பேரன். சட்டியில் கொதித்த கறியில் வைரசு இருக்காது. உள்ளே 70 பாகை வெப்பம் ஏறினால் செத்துவிடும். அறுக்கிற பலகையில்தான் ஆபத்து. கடையில் வாங்கும் நல்ல கோழியை நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். சுணங்கிய கோழியை மட்டும் அறுக்கவே வேண்டாம்.

ரணிக்கட்டா, பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, ஓரிரு நாளில் கூட்டமே காலியானால் பறவைக் காய்ச்சல் சந்தேகம் கூடும். எப்படியும் ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் மாதிரியைக் கன்னொருவயில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்ப முடியும். செத்ததை ஆற்றில் வீசாதீர்கள், கீழ் டிவிசனில் அந்தத் தண்ணீரில்தான் குளிப்பார்கள். கையில் ஷொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு, வாய் மூக்கை மூடிக்கொண்டு, தண்ணீர்ப் பீலிக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பிறகு சவர்க்காரம். இந்த வைரசுகளின் மேலுறை கொழுப்பால் ஆனது, சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும்.

நம் மலையில் யாரும் நினைக்காத ஒன்று கோழி எரு. லீக்ஸுக்கும் கரட்டுக்கும் கிழங்குக்கும் கீழ்நாட்டுப் பண்ணைகளிலிருந்து லொறி லொறியாக மூட்டை ஏறி வருகிறது. எச்5என்1 வைரசு எச்சத்தில் 37 பாகை வெப்பத்தில் 6 நாள் தாக்குப்பிடிக்கும், 4 பாகைக் குளிரில் 35 நாள். நமது ஊர்க் குளிர் இரண்டுக்கும் இடையில். ஆகவே மூட்டையை அவிழ்த்ததும் வெறுங்கையால் தூவாமல், குவித்து மூடி மக்கவிட்டுப் போடுங்கள். தூசு பறக்காமல் கொஞ்சம் நனைத்துக்கொள்ளுங்கள். அதைவிட்டு நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வலசை வரும் ஆறுமணிக்குருவியைப் பார்த்துப் பிள்ளைகளை உள்ளே இழுக்க வேண்டியதில்லை. இந்த வைரசைத் தூரதேசங்களுக்குச் சுமப்பவை முக்கியமாக வாத்து, கடற்காகம் போன்ற நீர்ப்பறவைகள்.

உலக மருத்துவர்கள் பறவை வைரசை விடாமல் கண்காணிப்பது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். இன்புளுவன்சாவின் மரபுப் பொருள் 8 துண்டுகளாக இருக்கிறது. மனித வைரசும் பறவை வைரசும் ஒரே உடம்பில், ஒரே நேரத்தில் புகுந்தால், இரண்டு தோட்டத்துத் தூளைக் கலந்து புதுத் தேயிலை கட்டுவதுபோல, துண்டுகள் கலந்து புது வைரசு பிறக்கலாம். 1957இலும் 1968இலும் உலகைச் சுற்றிய வைரசுகளில் பறவையிடமிருந்து வந்த துண்டுகள் இருந்தன. மனிதருக்குப் போடும் வழக்கமான இன்புளுவன்சாத் தடுப்பூசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டால் இந்தக் கலப்புக்கு வாய்ப்புக் குறையும். கர்ப்பிணிகளும், முட்டு (ஆஸ்துமா), நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்களும், 65 வயது கடந்தவர்களும் தங்களுக்காகவே ஆண்டுதோறும் போடுவது நல்லது.

இப்போது உங்கள் காய்ச்சல். பெரசிட்டமோல் போதும்: 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8 குளிசையைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும்; பிள்ளைக்கு எடை பார்த்துத்தான். உடம்பு வலி தாங்கவில்லை என்று டைக்ளோபெனாக், இபுபுரொபென், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். மகன் கொழும்பிலிருந்து வந்தவர், அது டெங்குவாக இருந்தால் இந்த மாத்திரைகள் இரத்தப்போக்கைக் கிளப்பிவிடும். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கொழுந்து மலையில் நிற்கிறவர்களுக்கு இன்னொன்று: அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உண்ணிக் காய்ச்சல், அதற்குத் தனி மருந்து உண்டு, நன்றாகக் கேட்கும். மற்றபடி வைரசுக் காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் கேட்டு டிஸ்பென்சரியில் சண்டை பிடிக்காதீர்கள். இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் குடிப்பது தொண்டைக்கு இதம், தாராளமாகக் குடியுங்கள். பிள்ளைக்கு ஆவி மட்டும் பிடிக்க வேண்டாம், வெந்நீர் கவிழ்ந்து வெந்து போவதை நிறையப் பார்க்கிறோம்.

ஓய்வெடுங்கள் என்று நான் எழுதுவது சுலபம். அன்றைய வேலைக்குப் பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் காய்ச்சலோடு போய் அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) எடுத்தவர், அடுத்த கிழமை முழுக்கப் படுத்துவிடுகிறார். வைத்தியச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். பகலில் குளிரானாலும் கதவைத் திறந்து வையுங்கள்; இருமுகிறவர் அடுப்புப் புகையில் உட்கார வேண்டாம்.

பேரனின் மூச்சை அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40, கைக்குழந்தைக்கு 50, இரண்டு மாதத்துக்குக் கீழ் 60. அந்த அளவை எட்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் தண்ணீர் இறங்காவிட்டாலோ இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரியவர்களுக்கு மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, தடுமாறிய பேச்சு, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுவது ஆகியவை அதே அவசரம்.

மிச்சமுள்ள 3 கோழியை விற்கவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். மிருக வைத்தியர் பார்க்கும்வரை கூட்டிலேயே அடைத்து, கூட்டுக்கென்று ஒரு ஜோடி செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அவற்றின் முட்டையையும் விட்டுவிடுங்கள், வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார். அவை பிழைத்தாலும் செத்தாலும் கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, புதுக் குஞ்சு வாங்குவதைத் தைப்பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதை இரண்டு கிழமை தனிக்கூட்டில் வைத்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும். ரணிக்கட் தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிக்குக்கூடப் போதும், திறந்தால் வைத்திருக்க முடியாது. ஆகவே லயத்தில் கோழி வளர்க்கும் வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நாள் கேட்டால் அலுவலகத்தில் மருந்து போட வர எளிதாக இருக்கும்.