வீட்டுக்கென்று ஒதுக்கிய வரி வீட்டுக்குத்தான் போகிறதா? கேள்வி பதில்

அமெரிக்காவில் சில நகரங்கள், உள்ளூர் வரியில் ஒரு பங்கைக் குறைந்த வாடகை வீடுகளுக்கும் வாடகைதாரர் உதவிக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. நகர வீட்டு வசதி நிதிக் கணக்குகளில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குள் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது, மதிப்பு சுமார் 9 லட்சம் டாலர். விற்றால் 'மாளிகை வரி' கட்ட வேண்டுமா அக்கா?

வேண்டாம், பயப்படாதீர்கள். 2022 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த மெஷர் யூ.எல்.ஏ. வரி அது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடங்கும்போது 50 லட்சம் டாலருக்கு மேல் விற்கும் சொத்துக்கு 4 சதவீதம், 1 கோடி டாலரைத் தொட்டால் 5.5 சதவீதம். அந்த வரம்புகள் ஒவ்வொரு வருடமும் விலைவாசிக்கு ஏற்ப உயர்கின்றன. உங்கள் வீடு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் 'மாளிகை வரி' என்ற பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அடுக்குமாடிக் கட்டடம், கடை, கிடங்கு, அலுவலகம் எல்லாவற்றுக்கும் இதே வரிதான். வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, முழு விற்பனை விலைக்கும் கணக்குப் போடுவார்கள். அதனால்தான் ரியல் எஸ்டேட் ஆட்களுக்கு இதன் மேல் இவ்வளவு கோபம்.

கேள்வி: தனியாக எதற்கு ஒதுக்க வேண்டும்? பொது பட்ஜெட்டில் சேர்த்துவிட்டு, தேவைப்படும்போது எடுத்துக்கொண்டால் ஆகாதா?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொது நிதியில் விழுந்த பணத்துக்குப் போலீஸ், தீயணைப்பு, சாலை என்று ஏகப்பட்ட பேர் கை நீட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் வாடகைதாரர் எப்போதும் கடைசி வரிசையில்தான். அவர் அடிக்கடி வீடு மாறுபவர், அவருக்காகப் பேச ஆள் குறைவு.

சியாட்டில் நகரத்தையே பாருங்கள். 2020-இல் நகர மன்றம் 'ஜம்ப்ஸ்டார்ட்' என்ற வரியைக் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்கள் அதிகச் சம்பளக்காரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தின் மேல் விழுகிற வரி அது. அதில் பெரும்பங்கு குறைந்த வாடகை வீடுகளுக்கு என்று எழுதினார்கள். ஆனால் பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தபோதெல்லாம் அதிலிருந்துதான் எடுத்து அடைத்தார்கள். 2024 கடைசியில், வேறு செலவுக்கும் எடுக்கலாம் என்று விதியையே தளர்த்திவிட்டார்கள். மன்றம் போட்ட பூட்டு, மன்றமே திறந்துகொண்டது.

அதே நகரத்தில் வீட்டு வசதிக்கென்று தனிச் சொத்து வரி ஒன்றும் இருக்கிறது. 1980-களிலிருந்து மக்கள் திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டுப் புதுப்பித்து வருகிறார்கள். 2016-இல் 29 கோடி டாலர், 2023-இல் ஏழு வருடத்துக்கு 97 கோடி டாலர். அந்தப் பணம் வீட்டுக்குத்தான் போகிறது. அதனால் 'ஒதுக்கீடு' என்று யாராவது சொன்னால், யார் ஒதுக்கினார்கள், யாரால் மாற்ற முடியும் என்று முதலில் கேளுங்கள்.

ஒதுக்கீடு நகரத்தின் கையைக் கட்டிப்போடுகிறது என்று எதிர்ப்பவர்கள் சொல்வதும் உண்மைதான். நெருக்கடி வந்தால் வேறு வேலைக்கு அந்தப் பணத்தைத் திருப்ப முடியாது. ஆனால் நெருக்கடியான வருடத்தில்தானே வாடகை கட்ட முடியாதவர்களும் கூடுகிறார்கள்? அந்தக் கட்டு எனக்குச் சம்மதம்தான்.

கேள்வி: எந்த வரி நல்லது? விற்பனை வரியா, சொத்து வரியா, சொத்து கைமாறும்போது போடுவதா?

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2024-இல் மெஷர் ஏ மூலம் அரை சதவீத விற்பனை வரியை வீடற்றோர் உதவிக்கும் வீட்டு வசதிக்கும் ஒதுக்கியது. நிலையாக வரும் பணம்தான். ஆனால் பற்றாக்குறையில் இருக்கும் குடும்பத்தின் கையிலிருந்தும் அது எடுக்கிறது, அந்தச் சங்கடம் தீராது.

சொத்து கைமாறும்போது போடும் வரி பணக்காரர்கள் மேல் விழுகிறது. ஆனால் விற்பனை மந்தமானால் வரவும் படுத்துவிடும். யூ.எல்.ஏ. வருடத்துக்கு 60 கோடியிலிருந்து 110 கோடி டாலர் வரை கொண்டுவரும் என்று சொன்னார்கள். முதல் வருட வரவு அதில் பாதிகூட இல்லை. வட்டி ஏறியது ஒரு காரணம், வரிக்கு முன்பே அவசரமாக விற்றவர்கள் இன்னொரு காரணம். வரியே விற்பனையைக் குறைத்துவிட்டது என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், அதை ஒதுக்கித் தள்ள முடியாது.

என்னைக் கேட்டால் சொத்து வரிதான் முதுகெலும்பு. மற்றவை அதன் மேல் சேரட்டும்.

கேள்வி: வாடகையைக் கட்டு, இல்லையென்றால் காலி செய் என்று மூன்று நாள் நோட்டீஸ் கதவில் ஒட்டிவிட்டார்கள். இரண்டு மாத வாடகை பாக்கி. இந்த நிதியிலிருந்து எனக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, ஆனால் இன்றைக்கே போன் செய்யுங்கள். நிர்வாகச் செலவு போக யூ.எல்.ஏ. பணத்தில் 30 சதவீதம் வீடிழப்பைத் தடுப்பதற்கு. அதில் அவசர வாடகை உதவி உண்டு, காலி செய்யச் சொல்லும் வழக்கில் வக்கீல் வைக்கவும் பணம் உண்டு, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான உதவியும் உண்டு. நகரத்துக்குள் இருந்தால் 'ஸ்டே ஹவுஸ்ட் எல்.ஏ.' திட்டத்தை அணுகுங்கள்.

கலிஃபோர்னியாவில் வாடகை பாக்கிக்கான அந்த மூன்று நாள் கணக்கில் சனி, ஞாயிறு, நீதிமன்ற விடுமுறை சேராது. மூன்று நாள் முடிந்ததும் நீங்களே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இல்லை. வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். வழக்குக் காகிதம் உங்கள் கைக்கு வந்தால், பதில் தாக்கல் செய்ய 2025 ஜனவரியிலிருந்து பத்து நீதிமன்ற வேலை நாட்கள் அவகாசம் உண்டு. முன்பு ஐந்துதான். அதைத் தவறவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலேயே தீர்ப்பு போய்விடலாம். வாடகை கட்டிய ரசீது, வீட்டுக்காரரோடு பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: நான் நான்கு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகை உதவி கொடுத்தால் வாடகைதானே ஏறும்?

வீடு தட்டுப்பாடான ஊரில் எல்லோருக்கும் நிரந்தர மானியம் கொடுத்தால் ஏறலாம். பாக்கியை அடைக்க ஒருமுறை கொடுக்கும் உதவி அப்படி இல்லை. அது பெரும்பாலும் நேராக உங்களைப் போன்ற வீட்டுக்காரருக்குத்தான் வந்து சேர்கிறது. வழக்குச் செலவு, காலியாகக் கிடக்கும் மாதங்கள், பெயின்ட் வேலை எல்லாம் கணக்குப் போட்டால் உங்களுக்கும் லாபம்தான்.

கேள்வி: இவ்வளவு கோடி வசூலித்தும் ஏன் இவ்வளவு குறைவான வீடுகள்?

நியாயமான கோபம். லாஸ் ஏஞ்சலஸ் 2016-இல் வீடற்றோருக்கு வீடு கட்ட 120 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் வாங்கியது. 2022-இல் நகரக் கணக்காய்வாளர் பார்த்தபோது, கட்டுமானத்தில் இருந்தவற்றின் சராசரிச் செலவு வீடு ஒன்றுக்கு 6 லட்சம் டாலரை நெருங்கியிருந்தது. நிலம், கூலி, அனுமதிக்குக் காத்திருப்பு எல்லாம் சேர்ந்து வரும் தொகை. உள்ளூர்ப் பணம் மட்டும் வைத்துக் கட்டுவதும் இல்லை. குறைந்த வாடகை வீடுகளுக்கென்று 1986-இல் வந்த கூட்டாட்சி வரிச் சலுகை, மாநிலக் கடன், வங்கிக் கடன் என்று பல இடத்தில் திரட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி கெடு, தனி வக்கீல்.

அதனால்தான் ஏற்கனவே ஆட்கள் குடியிருக்கும் பழைய கட்டடங்களை வாங்கி வாடகையை நிலைநிறுத்துவதற்கும் ஒரு பங்கு வேண்டும் என்கிறேன். புதுக் கட்டடத்துக்கு நான்கைந்து வருடம் காத்திருக்க முடியாதவர்கள்தான் அதிகம்.

கேள்வி: மக்கள் எப்போதும் இதற்கு ஆமாம் என்றே ஓட்டுப் போடுகிறார்களா?

இல்லை. 2024 மார்ச்சில் சிகாகோவும், அதே வருடம் நவம்பரில் டென்வரும் மறுத்துவிட்டன.

கேள்வி: ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தைப் பற்றிச் சொல்கிறார்களே?

1923-இல் நகர நிதிப் பொறுப்பிலிருந்த ஹ்யூகோ பிரைட்னர் வீட்டு வசதிக்கென்றே ஒரு வரி போட்டார். பெரிய வீட்டில் இருப்பவர் பல மடங்கு அதிகம் கட்ட வேண்டும். அந்தப் பணமும் நகரத்தின் மற்ற வருமானமும் சேர்ந்து 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. நகரமே நிலத்தை வாங்கி, நகரமே கட்டி, நகரமே வாடகைக்கு விட்டது. இன்றும் அவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் நகரத்திலும் இப்படி ஒரு வரி ஓட்டுக்கு வருகிறது. எதைப் படித்துப் பார்க்க வேண்டும்?

விளம்பரத்தை விடுங்கள், சட்ட வாசகத்தைப் படியுங்கள். ஒதுக்கீட்டை மன்றம் தனியாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறதா? யூ.எல்.ஏ.வில் 8 சதவீதம்தான். 'குறைந்த வருமானம்' என்று யாரைச் சொல்கிறார்கள்? வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேல், பாதி அதற்குக் கீழ்) 80 சதவீதம் என்று வைத்தால் ஓரளவு சம்பாதிப்பவருக்கே வீடு போய்ச் சேரும், 30 சதவீதத்தில் இருப்பவருக்கு எதுவும் மிஞ்சாது. வாடகைதாரருக்கு இன்றைக்கே கிடைக்கும் உதவிக்குத் தனிப் பங்கு எழுதியிருக்கிறதா? புது வரி வந்ததும் பழைய வீட்டு வசதிப் பணத்தைப் பொது நிதிக்குத் திருப்பிவிடக் கூடாது என்ற வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். பல இடத்தில் இதைத்தான் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால், ஓட்டுக்கு விடும் வாசகம் முடிவாகும் முன்பே மன்றக் கூட்டத்துக்குப் போய், அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.