எந்தத் தவறும் செய்யாதவருக்கு ஏன் குற்றவுணர்வு? மனதின் அமைப்பைப் பற்றி உளப்பகுப்பாய்வு சொல்வது

கேள்வி: எனக்கு வயது 34. மும்பையில் தனியார் வங்கியில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த என் அப்பா தாராவியில் தோல் பட்டறையில் உழைத்து எங்களைப் படிக்க வைத்தார். சென்ற ஆண்டு முலுண்டில் வீடு வாங்கினேன். அப்பா அங்கே வர மறுத்துவிட்டார். "எனக்கு இந்த இடமே போதும்" என்கிறார். குடிபோன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எதையோ திருடிவிட்டவனைப் போல் இருக்கிறது. புதுவீட்டுச் சாவியை அப்பா வீட்டிலேயே அடிக்கடி மறந்து வைத்துவிடுகிறேன். தேடி வந்த பதவி உயர்வையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னை ஒருநாளும் திட்டியவர் அல்லர். மனநல ஆலோசகர் "உங்கள் சூப்பர் ஈகோ மிகக் கடுமையானது" என்கிறார். அது மூளையில் உள்ள ஒரு பகுதியா? அதைக் குறைக்க முடியுமா? எந்தத் தவறும் செய்யாத எனக்கு ஏன் இந்தக் குற்றவுணர்வு?

பதில்: முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம். சூப்பர் ஈகோ மூளையின் ஒரு பகுதி அன்று. எந்த ஸ்கேனிலும் அது தெரியாது. நரம்பியல் மருத்துவராகத் தொழிலைத் தொடங்கி, பேச்சின் வழியே மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையைப் பின்னர் உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டு, 1895இல் மனதின் இயக்கம் முழுவதையும் நரம்பணுக்களைக் கொண்டே விளக்க முயன்று, அந்தக் கையெழுத்துப் படியை முடிக்காமலே ஒதுக்கி வைத்தார். அவர் மறைந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 1950இல்தான் அது அச்சேறியது. அதன் பின்னர் அவர் மனதைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டியபோதெல்லாம், மனதுக்குள் எது எதனோடு மோதுகிறது என்பதை விளக்குவதே அவருடைய நோக்கமாக இருந்தது. உங்கள் ஆலோசகர் சொன்னதையும் அவ்வாறே கொள்ள வேண்டும்: உங்களுக்குள் ஒரு வழக்கு நடக்கிறது, அதில் தண்டிக்கும் தரப்பின் கை ஓங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

உங்கள் மூன்றாவது கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். ஃபிராய்டு தம்முடைய முதல் கோட்பாட்டைத் திருத்தி எழுத வேண்டி வந்ததற்கு, ஏறத்தாழ இதே கேள்வியும் ஒரு காரணம்.

1900ஆம் ஆண்டு என்று அச்சிடப்பட்டு அதற்கு முந்தைய நவம்பரிலேயே வெளிவந்த கனவுகள் பற்றிய நூலில், அவர் மனதை நனவு, முன்னனவு, நனவிலி என மூன்றாகப் பிரித்தார். இந்தக் கணத்தில் நாம் அறிந்திருப்பது நனவு. முயன்றால் நினைவுக்கு வரக்கூடியது, பழைய பள்ளி ஆசிரியரின் பெயர் போன்றது, முன்னனவு. நாமாக எவ்வளவு முயன்றாலும் நேராக வெளியே வராமல், கனவாகவும் வாய்தவறிய சொல்லாகவும் காரணமறியாத மறதியாகவும் உடல் உபாதையாகவும் வேடமிட்டுக்கொண்டு மட்டுமே தலைகாட்டுவது நனவிலி. இந்தப் பிரிவில் ஓர் எளிமை உண்டு: நாகரிகத்துக்கு ஒவ்வாத ஆசைகள் கீழே கிடக்கின்றன, அறிவும் அறமும் மேலே நின்று அவற்றைத் தடுக்கின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நம்மில் பலர் 'ஆழ்மனம்' என்று சொல்லும்போது இன்றும் இந்தப் படத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறோம்.

சிகிச்சை அறையில் இந்த எளிமை நிலைக்கவில்லை. வலிக்கும் இடத்தை நெருங்கும்போது நோயாளியின் பேச்சு தடுமாறுகிறது, வேறு திசைக்குப் போகிறது, அடுத்த வாரம் அவர் வருவதற்கே மறந்துபோகிறார். ஆனால் தாம் எதையோ தடுக்கிறோம் என்பது அவருக்கே தெரிவதில்லை. அப்படியானால், தடுக்கப்படுவது மட்டுமன்றித் தடுக்கும் காவலும் நனவிலியில்தான் நிற்கிறது. இதைவிடப் பெரிய புதிர் ஒன்றும் இருந்தது. சிலருக்கு நோய் குணமாகத் தொடங்கியதும், யாராவது அவர்களைப் பாராட்டியதும், நிலைமை மோசமாகிறது. வேதனைப்படுவது தமக்குரிய தண்டனை என்பதுபோல அவர்கள் நோயை விடாமல் பற்றிக்கொள்கிறார்கள். கேட்டால், குற்றவுணர்வு எதுவும் இல்லை, உடம்பு சரியில்லை என்றுதான் சொல்வார்கள். அதாவது, குற்றம் சாட்டும் அறமே நனவிலியாக இயங்குகிறது. மேலே அறம், கீழே ஆசை என்ற பழைய படத்தில் இதற்கு இடமில்லை.

1923இல் ஃபிராய்டு வெளியிட்ட சிறுநூலில் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்ற புதிய பிரிவு வந்ததற்கு இது முக்கியமான பின்னணி. இட் என்பது உடலிலிருந்து எழும் உந்துதல்களின் களம். அங்கே காலமும் இல்லை, முரண்பாடும் இல்லை. அப்பாவின் மீது உயிரையே வைத்திருப்பதும் அவரைத் தள்ளிவிட்டு அவருடைய இடத்தில் நிற்க விரும்புவதும் ஒன்றையொன்று ரத்து செய்யாமல் அங்கே அருகருகே இருக்கும். ஈகோ என்பது புற உலகத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, காத்திருக்கவும் சமரசம் செய்யவும் தெரிந்த பகுதி. பேச்சு வழக்கில் செருக்கைக் குறிக்க நாம் சொல்லும் ஈகோ இதுவன்று. ஈகோவின் தற்காப்பு வேலைகளில் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலே நடக்கிறது. அவற்றைத் தொகுத்து ஆராயும் பணியை 1936இல் அவருடைய மகள் அன்னா ஃபிராய்டு செய்தார். மூன்றாவதான சூப்பர் ஈகோ நம்மைக் கவனிக்கிறது, இலட்சியத்தோடு ஒப்பிடுகிறது, தீர்ப்பு வழங்குகிறது. 1933இல் இந்த மூன்றுக்கும் ஒரு வரைபடம் போட்டுக் காட்டிய ஃபிராய்டு, கோடு கிழித்துப் பிரித்த எல்லைகளாக இவற்றை நினைக்க வேண்டாம், நவீன ஓவியங்களில் ஒன்றில் ஒன்று கரையும் வண்ணப் பரப்புகளாக நினையுங்கள் என்று அங்கேயே எச்சரித்தார். இந்த எச்சரிக்கையைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருவது.

இனி உங்கள் புதிருக்கு வரலாம். சட்டம் செயலைத்தான் விசாரிக்கிறது. சூப்பர் ஈகோ ஆசையையே விசாரிக்கிறது. இட்டின் ஆழம்வரை அதற்கு வேர் இருப்பதால், ஈகோ அறியாத ஆசைகளைக்கூட அது அறிந்திருக்கிறது என்றும், அதனிடமிருந்து எண்ணத்தைக்கூட ஒளிக்க முடியாது என்றும் ஃபிராய்டு எழுதினார். ஆகவே 'நான் எதுவும் செய்யவில்லையே' என்ற உங்கள் வாதம் அந்த மன்றத்தில் எடுபடாது. ஒழுக்கமாக வாழ்பவர்களையே மனசாட்சி அதிகமாக வாட்டுகிறது என்பதையும் அவர் 1930இல் விளக்கினார்: நாம் விட்டுக்கொடுக்கும் ஒவ்வோர் ஆசையும் சூப்பர் ஈகோவின் கடுமைக்கு உரமாகிவிடுகிறது.

அப்பா திட்டியதே இல்லையே என்கிறீர்கள். இதற்கும் அக்கோட்பாட்டில் இரண்டு விடைகள் உண்டு. குழந்தையின் சூப்பர் ஈகோ பெற்றோர் நடந்துகொண்ட விதத்தை அப்படியே நகலெடுப்பதில்லை. பெற்றோரின் சூப்பர் ஈகோவையே மாதிரியாகக் கொள்கிறது என்று 1933இல் அவர் எழுதினார். உங்களிடம் மென்மையாக இருந்த அப்பா தம்மிடம் எப்படி இருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். தமக்கென்று எதுவும் வாங்கிக்கொள்ளாமல், ஓய்வு என்பதையே அறியாமல் அவர் வாழ்ந்திருந்தால், நீங்கள் உள்வாங்கியது அவருடைய மென்மையைவிட அவர் தமக்கு விதித்துக்கொண்ட அந்தச் சட்டமாகவே இருக்கக்கூடும். 'எனக்கு இந்த இடமே போதும்' என்பது அவரைப் பற்றிய வாக்கியம். உங்கள் காதில் அது உங்களுக்கான கட்டளையாக விழுந்திருக்கலாம். இரண்டாவது விடை: எதிர்த்துப் பேச இடமே தராத அளவுக்கு நல்லவரான தந்தையின் பிள்ளைக்குத் தன் கோபத்தைக் காட்ட வழியில்லை, வெளியே போக முடியாத அந்தக் கோபம் உள்ளே திரும்பி, சூப்பர் ஈகோவின் கைக்கு ஆயுதமாகிறது. மெலனி கிளைன் உள்ளிட்ட உளப்பகுப்பாய்வாளர்கள் இதை வலியுறுத்தினார்கள்; ஃபிராய்டும் ஏற்றுக்கொண்டார்.

வெற்றிக்குப் பிறகு ஏன் வதை என்பது ஃபிராய்டை நீண்ட காலம் தொந்தரவு செய்த கேள்வி. 1916இல் அவர் ஒரு பல்கலைக்கழக ஆசிரியரைப் பற்றி எழுதினார்: தம் குருவின் இடத்துக்கு வர வேண்டும் என்று பல ஆண்டுகள் விரும்பிய அவர், குரு ஓய்வு பெற்று அந்த இடம் அவருக்கே வழங்கப்பட்டதும், தமக்குத் தகுதியில்லை என்று தயங்கத் தொடங்கி, சில ஆண்டுகள் எந்த வேலையும் செய்ய முடியாத கடும் மனச்சோர்வில் விழுந்தார். ஆசை கற்பனையில் இருந்தவரை ஈகோ அதைப் பொறுத்துக்கொள்கிறது. அது கைகூடும்போதுதான் தடை எழுகிறது. தம்மிடமே இதை அவர் கண்டது இன்னும் நெருக்கமானது. 1904இல் தம்பி அலெக்சாண்டருடன் ஏதென்ஸ் நகருக்குப் போகும் வாய்ப்பு எதிர்பாராமல் அமைந்தபோது, மகிழ வேண்டிய இருவரும் காரணமின்றி எரிச்சலோடு திரிந்தார்கள்; அக்ரோபொலிஸ் குன்றின் மேல் நின்றபோது, இது உண்மையிலேயே இருக்கிறதா என்ற விசித்திரமான எண்ணம் அவருக்கு வந்தது. அதற்கான விளக்கத்தை 1936இல், பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலனுக்கு எழுதிய திறந்த கடிதத்தில்தான் அவரால் தர முடிந்தது: அவர்களுடைய தந்தை வணிகர், உயர்நிலைக் கல்வி பெறாதவர், ஏதென்ஸ் அவருக்குப் பெரிதாக எதையும் உணர்த்தியிருக்காது, வெற்றி என்பதே தந்தையைக் கடந்து போவதுதான் என்பதுபோலவும், தந்தையைக் கடப்பது இன்னமும் தடைசெய்யப்பட்டது என்பதுபோலவும் மனம் நடந்துகொள்கிறது. பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த குடும்பங்களின் இரண்டாம் தலைமுறையில் உள்ள எவரும் இந்தக் கடிதத்தைத் தம் வீட்டுக் கதையாகவே படிக்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் சாவி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். அப்பாவின் வீட்டை விட்டு வர மனமில்லாததன் அடையாளம் அது என்று சொல்லிவிடுவது எளிது. அது சரியாகவும் இருக்கலாம். எனினும் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு அப்படித் தீர்ப்பளிப்பதை ஃபிராய்டே 1910இல் முறையற்ற பகுப்பாய்வு என்று கண்டித்தார். நனவிலியில் இருப்பதை எடுத்துச் சொல்லிவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்று நம்புவது, பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்கு உணவுப் பட்டியலை விநியோகிப்பது போன்றது என்றார். 'சூப்பர் ஈகோ கடுமையானது' என்று உங்கள் ஆலோசகர் சொன்னதும் அந்த அளவில்தான் பயன்படும். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதே உங்கள் இரண்டாவது கேள்வி. சூப்பர் ஈகோவை வெட்டி எறிய முடியாது, எறியவும் கூடாது. நன்றியும் நாணயமும் அங்கிருந்துதான் வருகின்றன. இயல்வது, அது பேசும்போது அதை அடையாளம் கண்டுகொண்டு, ஈகோ பதில் பேசும் நிலையை உருவாக்குவது. அது கேட்டவற்றிலிருந்து பிறந்தது என்று ஃபிராய்டு குறிப்பிட்டார்; எனவே பெரும்பாலும் சொற்களாகவே அது வரும். தூக்கம் வராத இரவில் உங்களை நீங்களே எந்த வாக்கியத்தால் குத்திக்கொள்கிறீர்கள் என்று கவனித்து, அதே வாக்கியத்தைத் தமிழிலேயே, வீட்டில் கேட்ட ஒலியிலேயே அமர்வில் சொல்லுங்கள். ஆலோசகருக்குத் தமிழ் தெரியாவிட்டால், முதலில் அதைத் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு இந்தியிலோ ஆங்கிலத்திலோ விளக்குங்கள். நேரே ஆங்கிலத்தில் சொன்னால் அதன் கூர்மை போய்விடும், அத்துடன் உங்கள் கண்ணீரும் நின்றுவிடும். ஆலோசகர் மீதே உங்களுக்குக் கோபமோ, அவரை ஏமாற்றிவிட்டோம் என்ற உணர்வோ, கட்டணம் தருவது வீண்செலவு என்ற உறுத்தலோ வந்தால் அதையும் மறைக்காதீர்கள். அப்பாவிடம் காட்டாத உணர்வுகள் அந்த அறையில் இன்னொருவர் மீது எழுவதும், அவர் தண்டிக்காமல் அதைக் கேட்டுக்கொள்வதும்தான் இந்தச் சிகிச்சையின் மையம். இது மெதுவாக நடப்பது. வாரம் ஓர் அமர்வு என்றால் மாதக்கணக்கில் ஆகும். அவர் இம்முறையில் பயிற்சி பெற்றவரா, தாமும் இத்தகைய சிகிச்சைக்கு உட்பட்டவரா என்று கேட்பதில் தவறில்லை. உளப்பகுப்பாய்வுப் பயிற்சியில் அது கட்டாயம்.

இந்தக் கோட்பாடு வியன்னாவின் நடுத்தரக் குடும்பங்களில் பிறந்தது என்பதையும் மறக்கலாகாது. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், தம் நோயாளிகளிடம் கண்டவை ஃபிராய்டின் சில முடிவுகளோடு பொருந்தவில்லை என்று அவருக்கே எழுதினார். தில்லியில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கர், 1978இல் வெளிவந்த தம் நூலில், மேற்கில் தனிமனிதனின் சூப்பர் ஈகோ செய்யும் பல வேலைகளை இந்தியாவில் சமூகத்தின் கூட்டு மனசாட்சி செய்கிறது என்றார். உங்கள் விஷயத்தில், தாராவித் தெருவில் உங்களைத் தெரிந்தவர்கள் என்ன சொல்வார்கள் என்ற குரல் எவ்வளவு, அப்பாவின் குரல் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது பயன் தரும். கோட்பாட்டின் பல கூற்றுகளைச் சோதித்துப் பொய்யாக்க வழியில்லை என்று அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் சொன்ன குறையும் நியாயமானதே. இதை நிறுவப்பட்ட உடற்கூறாகக் கொள்ளாமல், கேட்பதற்கான ஒழுங்காகக் கொள்வதே என் நிலைப்பாடு.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் ஆர்வமின்மை, எல்லையற்ற குற்றவுணர்வு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் ஏறக்குறைய நாள்தோறும் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், மருந்து தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்தும் இந்தப் பேச்சுச் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416 எல்லா நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவை எப்படியாவது முலுண்டுக்கு அழைத்து வந்துவிட்டால் இந்த உறுத்தல் அடங்கிவிடும் என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். உங்களைத் தண்டிப்பது அவராக இல்லாதபோது, அவர் இடம் மாறுவதால் தண்டனை நிற்காது. அவருக்கோ பழகிய அண்டை வீடுகளும் மாலைப் பேச்சும் போய்விடும். அவர் எங்கே இருக்க விரும்புகிறார் என்பதை அவருடைய உடல்நலத்தையும் விருப்பத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள். பதவி உயர்வு பற்றிய கடிதத்தை நீங்கள் இன்னும் எழுத்தில் மறுக்கவில்லை என்றால், அடுத்த சில அமர்வுகள் முடியும்வரை அவகாசம் கேளுங்கள்.