2011 ஏப்ரலில் நான்கு கிலோ வெள்ளி வாங்கியவனின் பதில்

மூன்று கிலோ வெள்ளியும் இருபது சவரன் நகையும் கையில் இருக்கின்றன, விலை நாள்தோறும் ஏறுகிறது, விற்கலாமா, வைத்திருக்கலாமா, இன்னும் வாங்கிச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் கல்லூரிக்கோ திருமணத்துக்கோ காத்திருக்கும் பிள்ளை ஒன்று உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் இந்தக் கேள்வி எழுகிறது. எனக்கும் அப்போதுதான் எழுந்தது, ஆனால் நான் அதை யாரிடமும் கேட்கவில்லை.

நான் நிதி ஆலோசகன் அல்லன். சேலத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் தந்தை சிறிய கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். செவ்வாய்ப்பேட்டை வியாபாரியிடம் வெள்ளியை எடை போட்டு வாங்கி வந்து, கம்பி இழுத்து, கொலுசாகச் செய்து, எடைக்கு எடை திருப்பிக் கொடுத்துவிட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பெறுவதே அவர் தொழில். வெள்ளி விலை ஏறிய நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் மகிழ்ந்ததில்லை. விலை ஏறினால் ஆர்டர் குறையும், பட்டறையில் உலை அணையும். வெள்ளியோடே வாழ்ந்த அந்த மனிதர் தம் வாழ்நாளில் ஒரு கட்டி வெள்ளியைக்கூடச் சேமிப்பாக வாங்கி வைத்ததில்லை. இதை நான் மறந்துபோனேன். வெள்ளி எங்கள் தொழில், எனக்குத் தெரியாததா என்ற எண்ணம் வந்த இடத்தில்தான் என் பிழை தொடங்கியது. உலோகத்தைத் தெரிந்திருப்பதும் அதன் விலையைத் தெரிந்திருப்பதும் வேறு வேறு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

2010 ஆகஸ்ட்டில் கிலோ 30 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி, எட்டே மாதங்களில் 70 ஆயிரத்தைத் தாண்டியது. என் மகள் அப்போது எட்டாம் வகுப்பை முடித்திருந்தாள். அவளுடைய கல்லூரிப் படிப்புக்கென்று அஞ்சலகத்தில் போட்டு வைத்த வைப்புத்தொகை முதிர்ந்து, 2,90,000 ரூபாய் கைக்கு வந்தது. மீண்டும் அஞ்சலகத்திலேயே போட்டிருந்தால் இந்தப் பதிலை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. ஏப்ரல் கடைசி வாரத்தில், கிலோ 72 ஆயிரம் விலையில், கிலோ கட்டியாக நான்கு வாங்கினேன். அட்சய திருதியை மே 6 அன்று வருகிறது, அதற்குள் இன்னும் ஏறிவிடும் என்ற அவசரம் எனக்கு.

அதே வாரத்தில் என் அத்தை, தம் மாமியார் காலத்துக் குடம், தாம்பாளம், குத்துவிளக்கு என்று மூன்று கிலோவுக்கு மேல் இருந்த வெள்ளிச் சாமான்களை விற்றார். கடைக்கு அவரை அழைத்துச் சென்றவனே நான்தான். ஏறுகிற நேரத்தில் யாராவது விற்பார்களா, இரண்டு மாதம் பொறுங்கள் அத்தை என்று வழியெல்லாம் தடுத்துப் பார்த்தேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "கண்ணு, வெள்ளி ஏறுதுன்னு என் பேத்தி கழுத்துல வெள்ளியவா கட்ட முடியும்? ஆவணியில கல்யாணம். எனக்கு வேண்டியது தங்கம். இன்னைக்கு இந்தக் குடத்துக்குத் தங்கம் வருது, வாங்கிக்கறேன்." கழிவெல்லாம் போக அவருக்குக் கிடைத்த பணத்தில், செய்கூலி சேதாரம் உட்படப் பத்துச் சவரன் வாங்க முடிந்தது. அன்று சவரன் 16 ஆயிரத்தை ஒட்டி இருந்தது.

தங்கத்தின் விலை வெள்ளியின் விலையைப் போல் எத்தனை மடங்கு என்று பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வாரத்தில் அது 32 மடங்கை ஒட்டி இருந்தது. 2020 மார்ச்சில் 120 மடங்கையும் தாண்டியது. அதாவது 2011 ஏப்ரலில் தங்கத்தோடு ஒப்பிட்டால் வெள்ளி மிக உச்சத்தில் இருந்தது. வெள்ளியைக் கொடுத்துத் தங்கமாக மாற்றிக்கொள்ள அதைவிட நல்ல வாரம் அபூர்வம். அத்தைக்கு இந்தக் கணக்கு தெரியாது. தேவை எது, நாள் எது என்று மட்டும் தெரிந்திருந்தது.

அட்சய திருதியை வருவதற்குள் விலை உடைந்தது. பின்னாளில் கைமாறும் பொருளுக்கு இன்றே விலை பேசும் நியூயார்க் முன்பேரச் சந்தையில், கடன் பலத்தில் வெள்ளி ஒப்பந்தங்களை வாங்கிக் குவித்தவர்களிடம் மார்ஜின் எனப்படும் பிணைத்தொகையை அடுத்தடுத்துப் பலமுறை உயர்த்திக் கேட்டார்கள். கட்ட முடியாதவர்கள் விற்றார்கள், அவர்கள் விற்றதால் மற்றவர்களும் விற்றார்கள். அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) 48 டாலருக்கு மேல் இருந்த விலை ஒரே வாரத்தில் 35 டாலருக்கு வந்தது. மே நடுவில் நம் ஊரில் கிலோ 55 ஆயிரத்துக்கும் கீழே. இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது: அமெரிக்காவில் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வளைத்துப் போட்டபோது, 1980 ஜனவரியில் 50 டாலரைத் தொட்ட விலை மார்ச் இறுதியில் 11 டாலருக்கு விழுந்தது. அந்த 50 டாலரை உறுதியாகக் கடந்து செல்ல வெள்ளிக்கு 2025 அக்டோபர் வரை, 45 ஆண்டுகள் தேவைப்பட்டன. இதை நான் வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டும்.

வாங்கியதைக்கூட என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இந்தப் பதிலின் உயிர்நாடி. விழுந்த வெள்ளி 2012 இறுதியில் மீண்டும் 60 ஆயிரத்துக்கு மேல் வந்தது. அன்று விற்றிருந்தால் 40 அல்லது 45 ஆயிரம் ரூபாய் இழப்போடு வெளியே வந்திருப்பேன். 72 வரட்டும், போட்டது வந்ததும் விற்றுவிடலாம் என்று காத்திருந்தேன். நான் என்ன விலைக்கு வாங்கினேன் என்பது சந்தைக்குத் தெரியாது. அந்த எண்ணுக்கு என் மனதைத் தவிர வேறெங்கும் மதிப்பில்லை. வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, உண்மையில் முடிவெடுக்க அஞ்சிக்கொண்டிருந்தேன். 2013 ஏப்ரலில் தங்கமும் வெள்ளியும் சேர்ந்து சரிந்தபோது அந்த வாய்ப்பும் போயிற்று.

2015 ஜூலையில் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாள் வந்தது. வெள்ளி கிலோ 35 ஆயிரம். நான்கு கட்டிகளிலும் தர முத்திரை கிடையாது. தெரிந்த கடை என்ற நம்பிக்கையில் வாங்கியவை. விற்கப் போன இடத்தில் துளையிட்டுப் பார்த்து 98 டச், அதாவது நூற்றுக்கு 98 பங்குதான் வெள்ளி என்றார்கள். கொலுசுப் பட்டறையில் வளர்ந்தவன் சொக்க வெள்ளி என்று பணம் கொடுத்து 98 டச் வாங்கியிருக்கிறேன் என்பது பண இழப்பைவிட அதிகமாக வலித்தது. கைக்கு வந்தது 1,37,000 ரூபாய். மீதிக்கு என் மனைவி தம் ஐந்து சவரன் வளையலை எடுத்துக் கொடுத்தார். வங்கியில் அடகு வைத்தோம், மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

அன்று விற்காமல் இருந்திருந்தால் இன்று அது எத்தனை லட்சம் தெரியுமா என்று என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், நீங்களும் கேட்கக்கூடும். என் விடை ஒன்றுதான்: கட்டணத்துக்குக் கடைசி நாள் என்று ஒன்று இருந்தது. நாள் குறித்த பணத்தை நாள் குறிக்காத பொருளில் போட்டவன், அந்த நாளில் கிடைக்கிற விலைக்குத்தான் விற்றாக வேண்டும். ரூபாய்க் கணக்கில் 2011-இன் விலை திரும்பி வந்தது 2020 ஆகஸ்ட்டில்தான். அப்போது என் மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாள்.

அந்த விலை திரும்பியதிலும் ஒரு செய்தி இருக்கிறது. 2020 ஆகஸ்ட்டில் அவுன்ஸ் வெள்ளி 28 டாலர் அளவில்தான் இருந்தது, 2011-இன் 48 டாலருக்கு அருகில்கூட வரவில்லை. ஆனால் 44 ரூபாயாக இருந்த டாலர் 75 ஆகியிருந்தது, இறக்குமதித் தீர்வையும் உயர்ந்திருந்தது. நாம் கடையில் காணும் விலை, வெளிநாட்டு டாலர் விலை, ரூபாயின் மதிப்பு, அரசின் தீர்வை என்ற மூன்றும் சேர்ந்து முறுக்கிய கயிறு. இதனால்தான் நம் ஊரில் தங்கம் வைத்திருந்தவர்கள் பெரிதாக அடிபடவில்லை. 2011 ஏப்ரலுக்கும் 2015 ஆகஸ்ட்டுக்கும் இடையில் தங்கத்தின் டாலர் விலை 1,500-இலிருந்து 1,100-க்கு இறங்கியது. அதே காலத்தில் இங்கே சவரன் 16 ஆயிரத்திலிருந்து 19 ஆயிரத்துக்கு அருகில் ஏறியது. ரூபாய் 65 ஆனதும், தீர்வை 2013-இல் 10 விழுக்காடு ஆனதும் தங்கத்தைத் தாங்கிப் பிடித்தன. வெள்ளியின் வீழ்ச்சி 48-இலிருந்து 15 டாலருக்கு. அதை எந்த ரூபாயாலும் தாங்க முடியவில்லை. வெள்ளியின் தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளிலிருந்து வருகிறது, சூரியத் தகடு முதல் மின்னணுக் கருவி வரை. தொழில் மந்தமானால் அதுவும் மந்தமாகும். மத்திய வங்கிகள் தங்கத்தைத்தான் சேர்க்கின்றன. 2009-இல் நம் ரிசர்வ் வங்கி சர்வதேச நாணய நிதியத்திடமிருந்து 200 டன் தங்கம் வாங்கியது. வெள்ளிக்கு அப்படி வாங்கிப் பூட்டி வைக்கும் ஆள் இல்லை. ஆகவே இரண்டையும் ஒரே நிறுவையில் வைத்து விற்கலாமா என்று கேட்காதீர்கள். உங்கள் மூன்று கிலோவுக்கு ஒரு விடை, இருபது சவரனுக்கு வேறு விடை.

தீர்வை என்ற இழையை மக்கள் மறந்துவிடுகிறார்கள். 2022 ஜூலையில் தங்கத்துக்கு அது 15 விழுக்காடாக உயர்ந்தது; 2024 ஜூலை 23 அன்று நிதிநிலை அறிக்கையில் 6 விழுக்காடாகக் குறைந்தது, அன்றே சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. என் தம்பி அதற்கு முந்தின நாள் மகனின் திருமணத்துக்கு எட்டுச் சவரன் எடுத்திருந்தார். முன்கூட்டியே யாராலும் சொல்லியிருக்க முடியாது என்பதால் அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டையும் ஒரே நாளில் எடுக்காமல் ஆறு மாதத்தில் நான்கு தவணையாக எடுத்திருந்தால், ஒரு நாளின் விலை அவரை இவ்வளவு கடித்திருக்காது. வாங்குவது பற்றி எனக்கு இருக்கும் அறிவு இவ்வளவே.

உலோகமாக இல்லாமல், தங்க விலைக்கு ஏற்பப் பணம் தரும் அரசின் தங்கப் பத்திரம் 2015 நவம்பரில் முதன்முதலாக வந்தபோது, கிராம் 2,684 ரூபாய் விலையில் பத்துக் கிராம் வாங்கினேன். ஆண்டுக்கு 2.75 விழுக்காடு வட்டியும் வந்தது. 2023 நவம்பரில் முதிர்ந்தபோது கிராமுக்கு 6,132 ரூபாய் கிடைத்தது. ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் வெளியேறலாம் என்றிருந்தும் நான் எட்டு ஆண்டுகள் வைத்திருந்தது, அந்தப் பணத்துக்கு எந்த நாளும் குறிக்கப்படவில்லை என்பதால்தான். என் அறிவு அந்த இடைவெளியில் வளர்ந்துவிடவில்லை. 2024 பிப்ரவரிக்குப் பின் புதிய பத்திரங்கள் வெளியிடப்படவில்லை என்பது எனக்கு வருத்தமே.

நகை பற்றி ஒரு மனக்குறையைச் சொல்லாமல் போக முடியவில்லை. என் மகளின் திருமணத்துக்கு எடுத்த ஆரத்துக்குச் சேதாரம் 18 விழுக்காடு போட்டார்கள். சேதாரம் என்பது கையால் அராவி, ஊதி, பற்றவைக்கும்போது ஆசாரியின் பட்டறையில் உண்மையாகவே சிந்தும் தூளுக்கான ஈடு. என் தந்தை தரையைக் கூட்டி அந்தத் தூளையும் சேர்த்து உருக்கியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இயந்திரத்தில் அச்சடித்து வரும் ஆரத்தில் 18 விழுக்காடு எங்கே சிந்துகிறது என்று கேட்டேன், கம்பெனி கணக்கு சார் என்றார்கள். வாங்கும்போது கல்லையும் தங்கத்தோடு நிறுப்பார்கள், விற்கும்போது கல்லைக் கழிப்பார்கள். அந்தப் பணம் ஆசாரி கைக்குப் போகிறது என்றால் நான் முழு மனதோடு கொடுப்பேன்.

இந்த மனக்குறைக்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பு உண்டு. உங்கள் இருபது சவரனை இன்று விற்றுவிட்டு இறங்கிய பின் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணினால், திரும்ப வாங்கும்போது சேதாரமும், 3 விழுக்காடு ஜிஎஸ்டியும், விற்றதில் கிடைத்த ஆதாயத்துக்கு வருமான வரியும் சேர்ந்து, விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால்தான் உங்களுக்கு ஏதாவது மிஞ்சும். வீட்டில் அணியும் நகையை விலை பார்த்து விற்காதீர்கள். ஓர் அவசரத்துக்கு அடகு வைக்கலாம், எங்களைக் காத்தது அந்த ஐந்து சவரன்தான்.

வெள்ளியில் அப்படி இல்லை. அந்த மூன்று கிலோவுக்குப் பின்னால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு செலவு நிற்கிறது என்றால், அந்தச் செலவுக்குத் தேவையான அளவை இப்போதே விற்றுவிடுங்கள். நாளை இன்னும் ஏறினாலும் வருந்தாதீர்கள். செலவு எதுவும் இல்லையென்றால் மீதியை எந்த நாளில் அல்லது எந்தத் தேவைக்கு விற்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, வெள்ளியோடு பெட்டியிலேயே வையுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் மேலும் வாங்காதீர்கள்.

உங்களுடையதில் கட்டி எவ்வளவு, பாத்திரமும் கொலுசும் எவ்வளவு என்று நீங்கள் குறிப்பிடவில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் தனி எண்ணுடன் ஹால்மார்க் வந்திருக்கிறது, ஆனால் அப்போது அது கட்டாயமாக்கப்படவில்லை; உங்கள் வீட்டில் இருப்பது பழைய வெள்ளியாகத்தான் இருக்கும். வாங்குகிற கடைக்காரரே டச் பார்க்கும் நிலைக்குப் போகாதீர்கள். முதலில் வேறோர் இடத்தில் காசு கொடுத்துச் சோதித்து, ஒவ்வொன்றின் எடையையும் டச்சையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். கொலுசு 70 டச்சுக்கும் வரலாம், மூன்று கிலோ என்று நீங்கள் நினைப்பது சொக்க வெள்ளியாக இரண்டேகால் கிலோவே தேறலாம். அந்த எண் தெரிந்த பிறகு திரும்பவும் கேளுங்கள்.