பட்டறையை விட்டு வந்ததும் எரியும் செக் லைட்: லாரிக்காரர் கேள்விகளுக்குப் பதில்

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் லாரி எலக்ட்ரிக் பட்டறை வைத்திருக்கிறேன். கோட்டைவாசல் ஏறிக் கேரளா போகிற வண்டிகள்தான் என் பிழைப்பு. வேலை முடித்து வெளியே வந்தவுடன் என்ஜின் விளக்கு எரிகிறது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்கும் முன் ஒன்று: ஸ்கேனர் காட்டும் கோளாறு நம்பரை, அதாவது கோட்டை (code), அழிக்காதீர்கள். முதலில் நம்பரை எழுதுங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள்.

தென்காசி, 10 வீல் டிப்பர்: அண்ணாச்சி, கிளட்ச் பிளேட் மாத்தினோம். மறுநாளே பி0335. கிராங்க் சென்சார் புதுசா போட்டும் அதே கோட். இப்போ ஈசிஎம் போச்சுன்னு சொல்றாங்க.

தம்பி, ஈசிஎம்மில், அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரில், கை வைக்க விடாதீர்கள். பி0335 என்றால், என்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர் (வயரை மாட்டும் சொருகி), வயர், ஈசிஎம் எல்லாம் சேர்ந்தது. அதில் சென்சார் கெட்டது என்று கோட் எங்கேயும் சொல்லவில்லை.

இப்போது கிளட்ச் வேலையை யோசியுங்கள். பல என்ஜின்களில் இந்த சென்சார், கியர் பாக்ஸை ஒட்டிய ஃபிளைவீல் ஹவுசிங்கில்தான் உட்கார்ந்திருக்கும். கியர் பாக்ஸை இறக்கும்போது கப்ளரைக் கழற்றி வயரை ஓரமாகத் தள்ளியிருப்பார்கள். மறுபடி ஏற்றும்போது அந்த வயர் எங்கே போனது? என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு இதே கோடுக்காக ஏற்கெனவே இரண்டு சென்சார் மாற்றியிருந்தார்கள். வயர் கியர் பாக்ஸ் போல்ட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். சுத்தமாக பூஜ்யம் என்றால் சிக்னலே போகவில்லை. தாறுமாறாகக் குதித்தால் வயர் நசுங்கியிருக்கலாம், சென்சார் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கலாம், சரியாக உட்காராமல் இடைவெளி கூடியும் இருக்கலாம். அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஈசிஎம் கப்ளரிலிருந்து சென்சார் கப்ளர் வரை ஒவ்வொரு வயரையும் மீட்டரில் பாருங்கள். ஒருவர் வயரை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாடிக்கு எர்த் ஆகிறதா என்றும் பாருங்கள். கடைசியாகக் கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

புனலூர்: சேட்டா, ரேடியேட்டர் மாற்றினதுக்கு அப்புறம் பி0118 வருது. ஃபேன் நிக்காம ஓடுது.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் கப்ளரை மாட்ட மறந்திருக்கிறார்கள், இல்லை பாதிதான் ஏறியிருக்கிறது. ஈசிஎம் அந்த வயரில் 5 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். சென்சார் சூட்டுக்குத் தக்கபடி அதை இறக்கும். கப்ளர் கழன்றால் இறக்க ஆளில்லை, 5 வோல்ட் அப்படியே நிற்கும். அதுதான் பி0118, அதாவது வோல்டேஜ் கூடுதல். சூடு எவ்வளவு என்று தெரியாததால் பல வண்டிகளில் ஈசிஎம் பாதுகாப்புக்காக ஃபேனை முழுசாக ஓட விடும். பி0117 வந்திருந்தால் அது நேர் எதிர், வயர் எர்த்தில் உரசுகிறது. உங்கள் ஸ்கேனர் எஸ்பிஎன் (எந்த இடம்), எஃப்எம்ஐ (என்ன வகைக் கோளாறு) என்று காட்டினால், எஸ்பிஎன் 110 இதே சென்சார். எஃப்எம்ஐ 3 என்றால் வோல்டேஜ் கூடுதல், 4 என்றால் குறைவு. இந்த 3, 4 இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கடையநல்லூர்: மூணாவது கியர்ல கரகரன்னு சத்தம்.

அது என் வேலை இல்லை. கியர் பாக்ஸ் மேஸ்திரியைப் பாருங்கள்.

கம்பம்: டர்போ வேலை பார்த்தோம். பட்டறையில எல்லாம் நல்லா இருக்கு. லோடோட குமுளி மலை ஏறினா பி0299, இழுவையே இல்லை.

பி0299 என்றால் டர்போ காற்றழுத்தம் போதவில்லை என்று பொருள். நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினால் இது தெரியாது. லோடு ஏறினால்தான் டர்போ முழுசாக வேலை செய்யும், ஓட்டை ஹோஸும் அப்போதுதான் வாய் திறக்கும். இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுங்கள். பைப்பில் கொஞ்சமாகக் காற்று ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஹோஸில் கறுப்பாக எண்ணெய்க் கசிவு தெரிந்தால் இடம் அதுதான்.

வாளையார்: பின்பாடி வெல்டிங் பண்ணினோம். ஒரே நேரத்துல பதினாலு கோட். டேஷ்போர்டு மீட்டர் சில சமயம் செத்துப் போகுது.

பதினாலும் ஒரே நாளில் கெடாது. யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது கேன் வயர் என்ற இரண்டு வயரில்தான்; அந்தத் தொடர்பு அறுந்தால் ஒவ்வொரு யூனிட்டும் மற்றதைக் காணோம் என்று கோட் போடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு கேன் வயர் இரண்டுக்கும் நடுவில் ஓம்ஸ் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் இரண்டு வயரும் ஒட்டியிருக்கின்றன.

வெல்டிங் பற்றி நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. பேட்டரி டெர்மினல் இரண்டையும், ஈசிஎம் கப்ளரையும் கழற்றாமல் வெல்டிங் வைக்கக் கூடாது. எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு ஒட்டி மாட்டுங்கள்.

புளியரை, பழைய மேஸ்திரி: முப்பது வருஷமா டெஸ்ட் லேம்பை வச்சே எல்லா வண்டியும் பார்த்தேன். இந்த மீட்டர், ஓம்ஸ் எல்லாம் எதுக்கு?

அண்ணாச்சி, உங்கள் கையால் ஓடிய வண்டிகளை எனக்குத் தெரியும். ஆனால் சென்சார் வயரில் டெஸ்ட் லேம்ப் வைக்காதீர்கள். 24 வோல்ட், 5 வாட் பல்பு கிட்டத்தட்ட 0.2 ஆம்பியர் இழுக்கும். சென்சார் சிக்னல் மில்லி ஆம்பியர் கணக்கில் ஓடுவது. ஈசிஎம்மின் உள்ளே இருக்கும் 5 வோல்ட் சப்ளை கெட்டுப் போகலாம்.

புளியரை, பழைய மேஸ்திரி: மீட்டர் 24 காட்டிச்சு, வண்டி ஓடல. நான் லேம்ப் வச்சதும் மங்கலா எரிஞ்சுது, வயரை மாத்தினேன், ஓடிச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

நீங்கள் சொல்வது முழுக்க சரி. அறுந்த வயரில் ஒரு நரம்பு மிச்சம் இருந்தாலும் மீட்டர் 24 காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட் இழுப்பதே இல்லை. லேம்ப் இழுக்கும், அதனால் உண்மையைச் சொல்லும். ஈசிஎம்முக்குப் போகும் மெயின் பாசிட்டிவ், எர்த் வயர்களை நான் இன்றும் 21 வாட் பல்பு வைத்துத்தான் பார்க்கிறேன், ஃபியூஸுக்கும் ரிலேவுக்கும் அதே. சென்சார், கேன் வயர்களுக்கு மீட்டர் மட்டும்தான்.

ஆரியங்காவு: ரெண்டு பேர் சொல்றதும் குழப்பமா இருக்கு. எதைத்தான் வாங்குறது?

இரண்டையும் வாங்குங்கள். பவர் வயருக்கு லேம்ப், சிக்னல் வயருக்கு மீட்டர்.

சங்கரன்கோவில்: கோடை அழிச்சா லைட் போயிடுமா?

போகும். கோளாறு அப்படியே இருந்தால் திரும்ப வரும்.

சிவகிரி: பேட்டரியைக் கழட்டி மாட்டினா அழிஞ்சிடுமா?

சில கோட் அழியும், சில அழியாது. ஆனால் கோளாறு வந்தபோது ஆர்பிஎம், சூடு, லோடு என்ன என்று ஈசிஎம் பதித்து வைத்த விவரமும் அதோடு போகலாம். எனக்கு வழி காட்டுவதே அந்த விவரம்தான். தயவுசெய்து எழுதி வைத்துவிட்டு அழியுங்கள்.

பாவூர்சத்திரம்: கோட் அழிக்க எவ்வளவு ஆகும்?

மேலே இரண்டு பதில் இருக்கிறது, படியுங்கள். கோடை அழிப்பதற்கு மட்டும் என் பட்டறைக்கு வராதீர்கள்.

ராஜபாளையம், பிஎஸ்6 வண்டி: ஆட்ப்ளூ பம்ப் புதுசு. ஆனாலும் பி20இஇ போகல.

பம்ப் சரியாக இருந்தாலும், சைலன்சர் பக்கம் புகை சுத்தமாகவில்லை என்றுதான் அந்தக் கோட் சொல்கிறது. ஆட்ப்ளூ என்பது புகையைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் யூரியாக் கரைசல், அதில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். தண்ணீர் கலந்ததா என்று ரிஃப்ராக்டோமீட்டரில் (கரைசலின் அடர்த்தி பார்க்கும் கருவி) பாருங்கள். டோசிங் இன்ஜெக்டரைக் கழற்றி வெள்ளைப் படிகம் அடைத்திருக்கிறதா பாருங்கள். எல்லாம் சரி என்றால், புகைபோக்கி நன்றாகச் சூடாகும் அளவுக்கு லோடோடு ஓட்ட வேண்டும். ஈசிஎம் தானே சோதித்து முடிக்கும் வரை கோட் நிற்கும். நின்ற இடத்தில் அது முடியாது.

தென்காசி, 10 வீல் டிப்பர்: அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரியே வயர் ஹவுசிங்குக்கு நடுவுல நசுங்கியிருக்கு. டேப் சுத்திட்டேன், வண்டி ஓடுது.

சந்தோஷம் தம்பி. ஆனால் டேப் போதாது, சூட்டில் பசை உருகி எண்ணெய் இறங்கும். நசுங்கிய இடத்தை வெட்டி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். வயரை செல்ஃப் மோட்டாருக்கும் சைலன்சருக்கும் படாமல் மேலே தூக்கிக் கட்டுங்கள். கழற்றிய பழைய சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள், அது நல்ல சென்சார்.